சண்டையை நிறுத்தும் கைக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குத்து, உதை, மல்யுத்தம், மூட்டையோ கழுத்தையோ இறுக்கிப் பணியவைக்கும் பூட்டு எல்லாவற்றையும் ஒரே களத்தில் அனுமதிக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி ஒன்று சென்னையில் அண்மையில் நடந்ததைப் பற்றித் தங்கள் நாளிதழ் அரைப்பக்கச் செய்தி வெளியிட்டிருந்தது. எம்.எம்.ஏ. என்று இளைஞர்கள் சொல்லும் இந்த விளையாட்டுக்கு நம் பத்திரிகைகளில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செய்தியின் கடைசிப் பத்தியில், நடுவரின் அவசரத்தால் முக்கியமான ஆட்டம் ஒன்று பாதியில் முடிந்து ரசிகர்கள் ஏமாந்தனர் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்தை மூன்றாவது வரிசையில் அமர்ந்து பார்த்தவன் நான். பல ஆண்டுகள் ஜூடோ நடுவராகவும் பிறகு சில ஆண்டுகள் எம்.எம்.ஏ. நடுவராகவும் இருந்தவன் என்ற முறையில், அந்த வரியை மறுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் சுற்றில் நீலக் கையுறை அணிந்த இளைஞர் வலக்கைக் குத்து ஒன்றை வாங்கி விழுந்தார். விழுந்தவர் முழங்காலிட்டு, தலையை இரு கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். எதிராளி மேலே சாய்ந்து நான்கைந்து முறை அடித்தார். நடுவராக நின்ற இளம்பெண் இருமுறை உரத்த குரலில் எச்சரித்தார். கீழே இருந்தவர் நகரவும் இல்லை, எதிராளியின் கையைப் பிடிக்கவும் இல்லை. அடுத்த அடி விழுவதற்குள் அந்தப் பெண் இருவருக்கும் நடுவே பாய்ந்து, அடிபட்டவர் மேல் தன் உடம்பையே குடையாகக் கவித்து ஆட்டத்தை நிறுத்தினார். உடனே அந்த இளைஞர் எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று கைகளை விரித்துக் காட்டினார். அரங்கம் முழுவதும் நடுவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. தங்கள் செய்தியாளர் கண்டது இதுவரைதான். அதற்குப் பிறகு நடந்ததையும் நான் பார்த்தேன். ஆட்டக் களமான கம்பிவலைக் கூண்டிலிருந்து இறங்கி என் வரிசையைக் கடந்து சென்ற அந்த இளைஞர், இது எத்தனையாவது ரவுண்டு என்று தன் பயிற்சியாளரிடம் இரண்டு முறை கேட்டார். எழுந்து நின்று பேசுகிறவருக்கு மூளை அதிர்ச்சி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் மிக ஆபத்தான தவறு.

குத்துச்சண்டையை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த நிறுத்தம் அவசரமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்தால் எதிராளி ஒதுங்கி நிற்க வேண்டும். நடுவர் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவார். அந்த நேரம் விழுந்தவருக்கு மட்டுமல்ல, நடுவருக்கும் கிடைக்கும் அவகாசம். அதற்குள் அவர் விழுந்தவரின் கண்ணைப் பார்க்கலாம், கால் நிலைகொள்கிறதா என்று பார்க்கலாம். எம்.எம்.ஏ.வில் எண்ணிக்கையே கிடையாது. விழுந்த கணத்தில் எதிராளி மேலே வந்துவிடுவார். தொழில்முறைப் போட்டிகளில் பொதுவாக அணிவது நான்கு அவுன்ஸ் கையுறை. குத்துச்சண்டைக் கையுறையில் பாதிப் பஞ்சுகூட அதில் இராது. ஆகவே குத்துச்சண்டை நடுவருக்குப் பத்து வினாடியில் வாய்க்கும் முடிவை எம்.எம்.ஏ. நடுவர் ஒரே வினாடியில் எடுத்தாக வேண்டும். விழுந்தவர் தன்னைத் தானே அறிவோடு காத்துக்கொள்கிறாரா என்பதுதான் நடுவர் ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. தலையைப் பொத்திக்கொண்டு அசையாமல் கிடப்பது தற்காப்பு ஆகாது. இடுப்பை நகர்த்துவதும், எதிராளியின் மணிக்கட்டைப் பற்றுவதும், கால்களால் அவரை வளைக்க முயல்வதும்தான் தற்காப்பு.

இந்த அதிகாரம் நடுவருக்கு எளிதாகக் கிடைத்ததன்று. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், இன்று எம்.எம்.ஏ.வின் பெரிய அமைப்பாக இருக்கும் யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தபோது, ஆட்டத்தை முடித்துவைக்கும் உரிமை நடுவருக்கு இல்லை. வீரர் தானே தரையையோ எதிராளியையோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அவருடைய மூலையில் நிற்கும் பயிற்சியாளர் தோல்வியின் அடையாளமாகத் துண்டை வீச வேண்டும், அல்லது அவர் நினைவிழந்து விழ வேண்டும். முதல் ஆட்டத்திலேயே, கீழே அமர்ந்த நிலையில் இருந்த ஹவாய் சுமோ வீரர் டெய்லா டூலியின் முகத்தில் ஹாலந்து நாட்டு ஜெரார்ட் கோர்டோ விட்ட உதையில் பல் தெறித்துப் பார்வையாளர் பக்கம் பறந்தது. விதி என்ன சொன்னாலும் அன்று நடுவராக நின்ற பிரேசில்காரர் குறுக்கே வந்து ஆட்டத்தைத் தடுத்தார். மனித இயல்பு விதியை முந்திக்கொண்ட கணம் அது என்று நான் எப்போதும் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டாவது போட்டிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையைச் சேர்ந்த ஜான் மெக்கார்த்தி நடுவராக வந்தார். ஒரே இரவில் பதினைந்து ஆட்டங்கள், அனைத்துக்கும் அவர் ஒருவரே நடுவர். ஆபத்து வந்தால் துண்டை வீசுங்கள் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தும், வீரர்கள் அடிவாங்கிக் கிடக்கையில் மூலையில் நின்றவர்கள் வீசவில்லை. நிறுத்தும் உரிமை தராவிட்டால் இனி இந்த வேலைக்கு வரமாட்டேன் என்று அவர் அமைப்பாளர்களிடம் சொன்ன பிறகுதான், மூன்றாவது போட்டி முதல் நடுவருக்கு அந்த உரிமை எழுதிவைக்கப்பட்டது. பயிற்சியாளரின் பாசமும் வீரரின் மானமும் ஒருசேரத் தவறிப்போகும் இடத்தில் மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்பதை அந்த ஒரே இரவு உணர்த்தியது. பின்னாளில் அவரே நடுவர்களுக்கும் புள்ளி நடுவர்களுக்கும் கமாண்ட் என்ற பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்க மாநிலங்களின் குத்துச்சண்டை ஆணையங்கள் சேர்ந்த சங்கம் அதை அங்கீகரித்தது.

தங்கள் செய்தியாளருக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்பும் ஆட்டம் வேறொன்று. 2004 ஜூன் 19, லாஸ் வேகாஸ். கனரகப் பிரிவுப் பட்டத்துக்காக ஃபிராங்க் மிர், டிம் சில்வியா மோதினர். ஆட்டம் தொடங்கி ஐம்பதாவது வினாடியில் நடுவர் ஹெர்ப் டீன் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். மிர் கீழிருந்தபடியே சில்வியாவின் கையைத் தன் இடுப்புக்குக் குறுக்கே நீட்டிப் பூட்டியிருந்தார். சில்வியா தட்டவில்லை, வலி என்று சொல்லவும் இல்லை. எழுந்து நின்று தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடினார். அரங்கம் நடுவரை ஏசியது. பிறகு பெரிய திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டியபோதுதான் முன்கை எலும்பு முறிந்து வளைந்ததைக் கூட்டம் கண்டது. முறிவு உறுதியானது. தன் கை முறிந்ததை வீரரே ஒப்புக்கொள்ளாத வேளையில், அந்த முறிவை முதலில் பார்த்தவர் நடுவர். ஹெர்ப் டீன் தாமே கூண்டில் சண்டையிட்டவர். ஒரு பூட்டில் எலும்பு எந்தக் கோணத்தில் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குப் புத்தகத்தால் மட்டும் வந்த அறிவன்று.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எம்.எம்.ஏ. நடுவராக நான் நின்ற முதல் ஆண்டு அது. மாவட்ட அளவிலான சிறிய போட்டி. ஒரு பையன் எதிராளியின் முதுகுப்பக்கம் ஏறி, பின்னாலிருந்து கழுத்தைக் கையால் பூட்டினான். நான் நின்ற பக்கத்தில் பூட்டியவனின் தலை பூட்டப்பட்டவனின் முகத்தை மறைத்தது. சுற்றி வந்து மறுபக்கம் போயிருக்க வேண்டும். ஜூடோ பழக்கத்தில், தட்டும் கைக்காகக் காத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கழுத்தின் இருபுறமும் ஓடும் இரத்தக் குழாய்கள் சரியாக அழுத்தப்பட்டால் பத்து வினாடிக்குள் நினைவு தவறிவிடும். நினைவு தவறியவனால் தட்ட முடியாது. கை தரையில் விழுந்து விரல்கள் தளர்ந்து விரிந்ததை நான் கண்டேன். கண்டும், அது சோர்வா மயக்கமா என்று தீர்மானிக்க இரண்டு மூன்று வினாடிகளை வீணாக்கினேன். பிரித்துவிட்டபோது குறட்டை போன்ற ஓர் ஒலி அவன் தொண்டையிலிருந்து வந்தது. காலைத் தூக்கிப் பிடித்ததும் கண் விழித்தான், மருத்துவர் பார்த்தார், மாலையில் நடந்தே வீட்டுக்குப் போனான். ஆனால் பார்வையாளர் வரிசையிலிருந்து அவனுடைய தாய் எழுந்து நின்ற முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. கழுத்துப் பிடி என்றால் முகமும் சும்மா இருக்கும் கையும் தெரியும் பக்கத்துக்கு ஓட வேண்டும், கை தளர்ந்தால் உடனே அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கைப்பூட்டு என்றால் முழங்கையின் பக்கம் மண்டியிட வேண்டும், வலியில் அலறினால் அதுவும் ஒப்புக்கொண்டதே என்று கொள்ள வேண்டும், இரு கைகளும் சிக்கியிருந்தால் காலால் தட்டுவதையும் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். உடம்பு பழகவில்லை.

இதனால்தான் நடுவராக வர விரும்பும் இளைஞர்களிடம், விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்வது முதல் வேலையன்று என்று சொல்கிறேன். விதிகள் முக்கியமே. நியூ ஜெர்சி மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் வடிவம் பெற்று, 2009இல் ஆணையங்களின் சங்கம் ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைந்த விதிகளே இன்று பெரும்பாலான தொழில்முறைப் போட்டிகளுக்கு அடிப்படை. ஐந்து நிமிடச் சுற்றுகள், இடையே ஒரு நிமிட ஓய்வு, பட்டப் போட்டிக்கு ஐந்து சுற்று, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று. சர்வதேச எம்.எம்.ஏ. கூட்டமைப்பின் அமெச்சூர் விதிகளில் சுற்று மூன்று நிமிடம்தான், முழங்கையால் அடிப்பதும் கூடாது. விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. முழங்கையைச் செங்குத்தாக மேலிருந்து கீழே இறக்கி அடிப்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2009 டிசம்பரில் ஜான் ஜோன்ஸ் மேட் ஹாமிலுடனான ஆட்டத்தில் அதற்காகவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய வாழ்நாள் கணக்கில் இருக்கும் ஒரே தோல்வி அதுதான். 2024 நவம்பர் முதல் அந்தத் தடையே ஒருங்கிணைந்த விதிகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று குற்றமன்று என்பதால், நடுவர் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் இன்று எந்த விதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கூண்டுக்குள் நுழைய வேண்டும். பின்தலையிலும் தண்டுவடத்திலும் அடிப்பதோ இந்த விதிகளில் தொடக்கம் முதல் இன்றுவரை குற்றமே. அந்த இடங்களின் ஆபத்தை நம் அடிமுறை ஆசான்கள் வர்மமாகச் சொல்லிவைத்ததை நினைக்கும்போது, இந்த விளையாட்டு நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று என்று தோன்றுகிறது.

ஆனால் விதியைப் படித்தவர் நடுவராகிவிடுவதில்லை. முதலில் அவர் பாயில் உருள வேண்டும். கழுத்துப் பிடியில் தாமே மாட்டிக்கொண்டு தட்டியிருக்க வேண்டும். இங்கிலாந்தின் மார்க் காடார்டு போன்ற பெயர்பெற்ற நடுவர்கள் பலர் முன்னாள் வீரர்களாக இருப்பது தற்செயல் அல்ல. அதற்காக வெற்றிபெற்ற வீரராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. நடுத்தர நிலை வீரர், பதற்றமில்லாத மனம் உள்ளவரானால், சிறந்த நடுவராக வரக்கூடும். பிறகு தம் பயிற்சிக்கூடத்தில் நடக்கும் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டைச் சுற்றுகளுக்கு நடுவராக நிற்க வேண்டும். கூட்டமும் இல்லை, பரிசும் இல்லை, கேமராவும் இல்லை. கால் எங்கே வைப்பது, இருவருக்கும் எவ்வளவு தொலைவில் நிற்பது, கூண்டின் கம்பிவலையோரம் அவர்கள் சாயும்போது தான் எந்தப் பக்கம் வருவது என்பதெல்லாம் அங்கேதான் உடம்பில் ஏறும். போட்டி நாளில் முதலில் நேரக் காப்பாளராகவும், உடைமாற்றும் அறையில் கையுறை நாடாவையும் பற்காப்பையும் அடிவயிற்றுக் காப்பையும் நகத்தையும் சோதிப்பவராகவும் பணியாற்றலாம். வீரர் ஆட்டத்துக்கு முன் எப்படி மூச்சுவிடுகிறார், எப்படிப் பார்க்கிறார் என்பதை அந்த அறையில் கண்டுகொண்டவருக்குத்தான், அடிபட்ட பிறகு அவர் பார்வை மாறிவிட்டதை அறிய முடியும்.

குரலையும் சொல்ல வேண்டும். வீரருக்குக் கேட்கும்படி, குழப்பமில்லாத ஒரே சொல்லில் கட்டளை இருக்க வேண்டும். எச்சரிக்கையில் கோபம் கலந்தால் வீரர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார். இதில் ஆண் பெண் வேறுபாடு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. யு.எஃப்.சி. கூண்டிலேயே கிம் வின்ஸ்லோ என்ற பெண்மணி ஆண்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறார். தங்கள் செய்தியில் அவசரக்காரர் என்று குறிக்கப்பட்ட பெண்ணின் குரலும் அன்று அரங்கின் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

எனக்குப் பெரிய கவலை இதற்கு மேல்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1941 முதல் விளையாட்டு ஆணையம் இயங்குகிறது. அங்கே எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை ஆணையமே முடிவுசெய்கிறது. போட்டியை நடத்தும் நிறுவனம் தனக்கு வேண்டியவரை அழைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் அப்படிச் சட்டப்படி அமைந்த ஆணையம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் இந்த விளையாட்டுக்கு உரிமை கோருகின்றன. ஊர்ப் போட்டிகளில் நான் கண்டவரை அமைப்பாளரே நடுவரை அழைக்கிறார், அமைப்பாளரே கூலி தருகிறார், அமைப்பாளரின் மாணவரே கூண்டுக்குள் நிற்கிறார். கூட்டம் கூச்சலிட்டால் நடுவருக்கு அடுத்த அழைப்பு வராது. அன்று ஆட்டத்தை நிறுத்திய அந்தப் பெண்ணிடம், அடுத்த மாதப் போட்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டுவிட்டது. அதை அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் எழுதுகிறேன். அவர் எனக்கு உறவும் இல்லை, என் மாணவியும் இல்லை. அவர் இடத்துக்கு வரப்போகும் அடுத்த நடுவர் இந்தச் சேதியைக் கேள்விப்பட்டிருப்பார். கீழே கிடப்பவர்மேல் ஐந்தாவது அடி விழும்போது அவர் மனத்தில் அது நிழலாடாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

2022 ஜூலையில் பெங்களூருவில் நடந்த கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்டு விழுந்த மைசூரு இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்டில் இதே சென்னையில், தேசிய கிக்பாக்ஸிங் போட்டியில் காயமடைந்த அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆட்டங்களில் நடுவர்கள் தவறினார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. தலையில் அடிவிழும் விளையாட்டை நம் ஊரில் நடத்துகிறோம் என்றால் அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதை அந்த இரு குடும்பங்களின் துயரத்துக்குப் பிறகாவது நாம் பேசியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். 2026ஆம் ஆண்டு ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் எம்.எம்.ஏ. சேர்க்கப்பட்டுள்ளது. பயிற்சிக்கூடங்கள் பெருகும், போட்டிகள் பெருகும், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கூண்டுக்குள் ஏறுவார்கள்.

ஆகவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தை இந்தக் கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்வது இது. மாநிலத்தில் நடக்கும், அடியும் உதையும் விழும் எந்தச் சண்டைப் போட்டியானாலும், அனுமதி தரும்போதே நடுவரின் பயிற்சிச் சான்றையும் மருத்துவரின் பெயரையும் கேளுங்கள். நடுவர் பட்டியல் ஒன்றைத் தாங்களே வைத்திருந்து, சுழற்சி முறையில் அனுப்புங்கள். நடுவர் கூலியை அமைப்பாளர் தங்களிடம் கட்டட்டும், நடுவர் தங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளட்டும். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு குறுகிய காலப் படிப்பைத் தொடங்க முடியும். மூளை அதிர்ச்சியைப் பற்றி நரம்பியல் மருத்துவர் ஒருவர் இரண்டு நாள் வகுப்பெடுத்தால் அதுவே பெரிய மாற்றமாக இருக்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த வரியைத் திருத்தி, நடுவரின் பக்கத்தையும் இரண்டு வரியில் வெளியிடுங்கள். அவர் பெயரைப் போட வேண்டியதில்லை, அவர் ஏன் நிறுத்தினார் என்று போட்டால் போதும்.

பெரம்பூரில் நான் பயிற்சி தரும் கூடத்தில் ஞாயிறு காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை, நடுவராக விரும்பும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கட்டணமின்றிக் கற்றுத் தரலாம் என்று இருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன். முதல் மூன்று மாதம் யாரும் கூண்டுக்குள் நிற்கப்போவதில்லை. வெளியே உட்கார்ந்து, ஸ்பாரிங் செய்பவர்களின் கைவிரல்களையும் பாதங்களையும் மட்டும் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும். ஒரு குறிப்பேடும் கடிகாரமும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.